பொம்மரின் மூக்கில் ஒரு நீச்சலுடைக்காரி

இரண்டாம் உலகப் போரில் பறந்த மெம்பிஸ் பெல் என்ற அமெரிக்க பி-17 பொம்மரின் (குண்டுவீச்சு விமானத்தின்) மூக்கில் வரைந்திருக்கிற பெண்ணுக்கு இடப்பக்கம் நீல நீச்சலுடை, வலப்பக்கம் சிவப்பு. ஆள் ஒன்றுதான், உடுப்புத்தான் இரண்டு. பெட்டிக்குள் வந்த டிகாலை, அதாவது அச்சடித்த ஒட்டுப் படத்தை, தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று எழும்பிப் போகிற, சின்ன விமான மொடல் கட்டுகிறவர்கூட இதைக் கவனித்தால் ஒரு நிமிடம் நிற்பார். இதை யார் வரைந்தது, எதைப் பார்த்து வரைந்தது, இதையே நான் பிரஷ்ஷால் வரைந்தால் வருமா? கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் அவசரப்பட்டுப் பதில் தேடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் பதில் தெரியாமல் அங்கே போனால் படம் வடிவாக வரும், ஆனால் விமான மூக்கில் வரைகிற நோஸ் ஆர்ட் மாதிரி இருக்காது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இது கடைப் போர்ட் எழுதுகிறவரின் வேலை. அவரைப் போலக் கையை வைத்தால்தான் இரண்டரை சென்ரிமீற்றர் உயரப் பெண் சரியாக வருவாள்.

வரைந்தவர் ரொனி ஸ்டார்சர், ஒரு கோப்ரல். இங்கிலாந்தில் பாசிங்போர்ன் தளத்தில் இருந்த அமெரிக்கர்களின் 91ஆவது குண்டுவீச்சுப் பிரிவில் இருந்தவர், அந்தப் பிரிவின் விமானங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அவர் கையால் வந்தவை. பெல்லை அவர் தன் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. எஸ்குவயர் சஞ்சிகையின் 1941 ஏப்ரல் இதழில் ஜோர்ஜ் பெற்றி என்பவர் வரைந்திருந்த, தொலைபேசியும் கையுமாக இருக்கிற பெண்ணைப் பார்த்துப் பெருப்பித்தார். பெயர் மட்டும் விமானி ரொபர்ட் மோர்கனின் காதலி மார்கரெட் போல்க்குக்காக வைத்தது, அவர் மெம்பிஸ் நகரத்துக்காரி. ஆக, பெயருக்குரியவர் வேறு, படத்தில் இருப்பவள் வேறு. காதலியின் முகத்தையே வரைந்து தா என்று மோர்கன் கேட்டிருந்தால் ஸ்டார்சர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் படை முகாம்களில் கட்டிலுக்கு மேலே குத்தி வைத்த படங்கள் பெரும்பாலும் ஒரு சிலரின் கைவண்ணம். பெற்றி, அவருக்குப் பிறகு 1940 ஒக்டோபரில் இருந்து எஸ்குவயரில் வரையத் தொடங்கிய பெரு நாட்டுக்காரர் அல்பேர்ட்டோ வர்காஸ், கலண்டர்களுக்கு வரைந்த கில் எல்வ்கிரென். இவர்கள் கைதேர்ந்த ஆட்கள். பெற்றியும் வர்காஸும் எயார்பிரஷ்ஷும் நீர்வண்ணமும் வைத்துத் தோலின் நிறத்தை வெளிச்சத்தில் இருந்து நிழலுக்குக் கண்ணுக்கே தெரியாமல் இறக்கிக்கொண்டு போவார்கள், எல்வ்கிரென் அதையே எண்ணெய் வண்ணத்தில் செய்தார். இப்போது இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு கோப்ரல் ஏணியில் ஏறுகிறார். கையில் சாதாரண பிரஷ். முன்னால் வளைந்த அலுமினியம், அதில் ஆணித் தலைகள் வரிசையாக. ரின்களில் தளத்தில் கிடைத்த பெயின்ற், சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று விமானத்துக்கு அடிக்கிற நிறங்கள்தான் அதிகம், தோல் நிறத்தை அவரே கலக்கவேண்டும். இங்கிலாந்தின் குளிர்காற்று வேறு.

அந்த நிலையில் என்ன நடக்கும்? வர்காஸ் இருபது படியில் இறக்கிய நிழல் மூன்று படியாகும். மயிர் இழை இழையாக இருந்தது ஒரே திரளாகும். சுற்றிவரக் கடும் நிறத்தில் ஒரு கோடு வரும், ஏனென்றால் ஒலிவ் பச்சைப் பின்னணியில் அந்தக் கோடு இல்லாவிட்டால் கால் எங்கே முடிகிறது என்று ஓடுபாதைக்கு அங்கால் நிற்கிறவனுக்குத் தெரியாது. சஞ்சிகைப் படத்தில் இருந்து விமானத்துக்குப் போகிற வழியில் தொலைந்துபோன இந்த நுணுக்கம்தான் நோஸ் ஆர்ட்டின் முகம். இன்றைக்கு அதைச் சின்னதாக வரைகிற எங்களில் பலர் செய்கிறது என்னவென்றால், தொலைந்ததைத் திரும்பக் கண்டுபிடித்து உள்ளே போடுவது. கண்மணிக்குள் வெளிச்சப் புள்ளி, உதட்டில் இரண்டு சிவப்பு, முழங்காலில் மினுக்கம். போட்டிக்கு வைத்தால் பரிசு கிடைக்கலாம். ஆனால் அது விமானத்தில் இருந்த படம் இல்லை, சஞ்சிகையில் இருந்த படம்.

பிளெக்ஸ் பிரிண்ட் வந்து அந்தத் தொழிலைத் தின்பதற்கு முதல், மட்டக்களப்பில் கடைப் போர்ட், பஸ்ஸின் பின்பக்கம், தோணியின் பெயர் எல்லாம் கையால் எழுதியவை, தோணிகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த ஆட்கள் வேலை செய்கிறதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் சோக்கட்டியால் கட்டம் போடுவார், சின்னப் படத்திலும் அதே கட்டம், கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெருப்பிப்பார். இடக்கையில் ஒரு தடி, அதன் நுனியில் துணி சுற்றியிருக்கும், பிரஷ் பிடித்த கை அதில் தங்கும். பிறகு எழுத்தின் ஒரு காலை ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பார், திரும்பிப்போய்த் தடவமாட்டார். ஸ்டார்சர் போன்றவர்கள் செய்ததும் இதே கட்டமும் இதே இழுப்பும்தான். அந்தக்கால நோஸ் ஆர்ட்காரர்களில் படைக்கு வருவதற்கு முதல் போர்ட் எழுதியவர்களும் விளம்பரம் வரைந்தவர்களும் இருந்தார்கள். கூலி காசாகவும் வரும், சிகரெட்டாகவும் வரும், போத்தலாகவும் வரும்.

சரி, ஏன் பெண்? ஏன் போர் விமானத்தில்?

அமெரிக்க இராணுவ விமானப்படை இதை யாருக்கும் உத்தரவிடவில்லை, கண்டும் காணாமல் விட்டது. பி-17இல் 10 பேர் போவார்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெடியன்கள். 1943இல் ஐரோப்பாவில் 25 தடவை போய் உயிரோடு வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது கணக்கு, அந்த 25ஐ முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு நாள் போதும்: 1943 ஒக்டோபர் 14 அன்று ஜேர்மனியின் சுவைன்ஃபுர்ட் நகரத்தின் பந்துத் தாங்கி (போல் பெயரிங்) ஆலைகளுக்குப் போன பி-17களில் 60 விழுந்தன. ஒன்றில் 10 பேர் என்றால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் மெம்பிஸ் பெல்லுக்குக் கொடுத்த பெயர் 41-24485. அதை நம்பி ஏறுகிறவனுக்கு ஓர் இலக்கம் போதாது, ஒரு பெயரும் ஒரு முகமும் தேவைப்பட்டது. ஊரில் தோணிக்கும் லொறிக்கும் பெயர் வைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஏன் உடுப்புக் குறைந்த பெண் என்பதற்கு இந்த விளக்கம் முழுவதும் பொருந்தாது. தலைமையகத்துக்கும் பொதுமக்களின் கண்ணுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு உடுப்புக் குறைந்தது. இங்கிலாந்தில் நீச்சலுடையில் நின்றவள் பசிபிக் தீவுகளில் அதுவும் இல்லாமல் நின்றாள், ஏனென்றால் அங்கே பாதிரியாரும் செய்தியாளரும் வருவது குறைவு. மேலிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்கும் ஓர் எல்லை இருந்தது. 'மேர்டர் இங்க்' என்று பெயர் வைத்த ஒரு பி-17இன் ஆள் 1943 கடைசியில் ஜேர்மனியரிடம் பிடிபட்டபோது அந்தப் பெயர் அவருடைய ஜக்கெற்றில் எழுதியிருந்தது, ஜேர்மன் பிரசாரக்காரர் அதைப் படம் பிடித்து, பாருங்கள் இவர்களே கொலைகாரர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். அதற்குப் பிறகு என்ன பெயர், என்ன படம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். பெண்ணின் உடுப்பை விட இந்தப் பெயர்தான் அவர்களை அதிகம் உறுத்தியது என்பது என் வாசிப்பு.

அந்தப் படங்களில் பெண்ணுக்கு ஆள் என்ற இடம் இல்லை, அவள் ஒரு பொருள். அதை மறைத்து, ஐயோ இது வெறும் கலை என்று நான் சொல்லப் போவதில்லை. அதே போரில் விமானங்களை ஆலையில் இருந்து தளத்துக்கு ஓட்டிக் கொடுத்த அமெரிக்கப் பெண் விமானிகளும் இருந்தார்கள், அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்ட சின்னம் டிஸ்னி நிறுவனம் வரைந்து கொடுத்த ஃபிஃபினெல்லா என்ற சிறகு வைத்த குட்டிப் பெண், கண்ணாடி போட்டு, சப்பாத்துப் போட்டு, உடுப்போடு. 1993இல் அமெரிக்க விமானப்படை நோஸ் ஆர்ட்டில் ஆண் பெண் பேதம் இருக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. வரலாற்றை வரைகிறோம் என்றால் இதையும் சேர்த்துத்தான் வரைகிறோம்.

எல்லா நாட்டுக்காரரும் இப்படி வரையவில்லை. விமானத்தில் படம் போடுகிற பழக்கம் முதலாம் உலகப் போரிலேயே இருந்தது, இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த பாயும் குதிரைதான் பின்னாளில் ஃபெராரி காரின் சின்னம். விமான மூக்கில் வரைகிற சுறா வாய் ஜேர்மனியரின் பி.எஃப்-110 விமானத்தில் இருந்து பிரித்தானியரின் 112ஆவது ஸ்குவாட்ரனுக்கும் அங்கிருந்து சீனாவில் பறந்த அமெரிக்கத் தொண்டர்களுக்கும் போனது. பிரித்தானிய விமானப்படை பெண் படத்தில் கஞ்சம், அவர்கள் எழுத்தும் குண்டு அடையாளமும் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஜப்பானியக் கடற்படை விமானங்களில் வாலில் எழுத்தும் இலக்கமும் பட்டியும், அதோடு சரி.

இந்தக் கடைசி வரி எங்களுக்குச் சொந்தமானது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கினார்கள், அதே நாளில் மட்டக்களப்புக்கு வெளியே பிரித்தானியரின் ஹேர்மிஸ் விமானந்தாங்கியைத் தாழ்த்தியவை அந்த வெறும் வால் இலக்கம் போட்ட ஐச்சி டி3ஏ குண்டுவீச்சு விமானங்கள்தான். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் ஹேர்மிஸ், அன்றைக்கு அதன் விமானங்கள் அதில் இருக்கவில்லை, 307 பேர் இறந்தார்கள். கல்லடிக்கு நேரே கடலில் ஐம்பது மீற்றருக்கும் கீழே இன்னும் கிடக்கிறது. ஆகவே இங்கே இருந்து இரண்டாம் உலகப் போர் மொடல் கட்டுகிறவர் முதலில் கட்ட நினைப்பது ஹேர்மிஸையோ அதை அடித்த ஐச்சியையோதான், இரண்டிலும் பெண் படம் கிடையாது. பெண் படம் வேண்டுமென்றால் இரண்டு வருடம் தள்ளி வாருங்கள். 1944 ஓகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 பொம்மர்கள் திருகோணமலை சீனன்குடா ஓடுதளத்தில் இருந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிக் கிளம்பின, போய்வர ஏறக்குறைய 19 மணித்தியாலம். அவை இந்தியாவில் வங்காளப் பக்கம் தங்கியிருந்த படையின் விமானங்கள், இங்கே எண்ணெய் நிரப்பத்தான் வந்தவை. அந்தப் படையின் பி-29களில் மூக்கில் பெண்ணோ கேலிப் படமோ இருந்தவை பல. 1/72 அளவில், அதாவது உண்மையில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, பி-29 கட்டினால் இறக்கை அறுபது சென்ரிமீற்றர் வரும், அலுமாரி போதாது, 1/144இல் கட்டினால் வைக்க இடம் இருக்கும் ஆனால் பெண் ஒரு சென்ரிமீற்றர் சொச்சம்தான். வீட்டில் இருக்கிறவர்களின் பொறுமையைப் பொறுத்து முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கிறேன். பொம்மர் என்ற சொல் காதில் விழுந்தால் பதுங்குகுழியை நினைக்கிற ஆட்கள் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கிபிர் போர் விமானத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன் பொம்மரை மேசையில் வைத்து வர்ணம் தீட்டுவது என்ன மனநிலை என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில், குண்டுக்கு அடியில் இருந்தவனுக்குத்தான் மேலே இருந்தவன் யார் என்று பார்க்கிற ஆர்வமும் வருகிறது. மேலே இருந்தவனும் பயந்துபோய்ப் பெண் படத்தைத் தடவிவிட்டு ஏறிய இருபது வயதுக்காரன் என்று தெரிவதால் குண்டு லேசாகிவிடாது. எங்கள் அம்மம்மாவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மனே, இந்தப் பிள்ளைக்கு ஒரு சீலையைக் கட்டி விடன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சரி, வேலை.

முதலில் அளவு. உண்மை விமானத்தில் பெண் ஆளுயரம், அதாவது 1.7 மீற்றர் என்று வைத்தால் 1/72இல் 2.4 சென்ரிமீற்றர், 1/48இல் 3.5, 1/32இல் 5.3. தலை 1/72இல் 3 மில்லிமீற்றர். கண் அரை மில்லிமீற்றரும் இல்லை. இந்த இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதி முன்னால் ஒட்டி வையுங்கள். அரை மில்லிமீற்றருக்குள் கண்மணி வரைய முயல்கிறவர் தன் கண்ணைத்தான் கெடுத்துக்கொள்வார். தொடங்குகிறவர்கள் விமானத்திலேயே தொடங்காமல், மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டில் மூக்கின் ஒரு துண்டை மட்டும் செய்து, ஆணி வரிசையை ஊசியால் குத்தி, அதில் வரைந்து பழகலாம். உண்மையிலும் போர் முடிந்து விமானங்களை உருக்கியபோது சிலர் மூக்குத் தகட்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்தார்கள், அப்படித் தப்பியவை இன்றைக்கு அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. ஆகவே தகட்டில் வரைந்தது பாதி வேலை என்று நினைக்கத் தேவையில்லை, அதுவே முழு மொடலாகச் சுவரில் நிற்கும்.

இங்கே கிடைக்கிற சாமான் பற்றிக் கவலைப்படாதீர்கள். மொடல் பெயின்ற் கடை ஊரில் இல்லை, வலேயோ மாதிரியான சொட்டுப் போத்தல்களை வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும், தபாலும் சுங்கமும் சேர்ந்து போத்தலை விட விலை கூடும். எல்லா நிறமும் எடுப்பிக்கத் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, ஒரு நல்ல சிவப்பு, இவை மூன்றும் போதும், ஏனென்றால் மெல்லிய கோட்டுக்கும் முதல் வெள்ளைக்கும்தான் பொடி நன்றாக அரைத்த பெயின்ற் வேண்டும். மிச்சத்துக்குப் புத்தகக்கடையில் விற்கிற அக்ரிலிக் ரியூப்களே காணும், அவை கொஞ்சம் பருக்கன், இரண்டு மூன்று தடவை மெல்லிசாகப் பூசினால் சரிவரும். பிரஷ்ஷுக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள். எல்லாரும் மூன்று பூச்சியம் நான்கு பூச்சியம் என்று மிக மெல்லிய நம்பர்களைத் தேடி ஓடுகிறார்கள், அந்த நுனியில் பெயின்ற் நிற்பதற்குள் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கிற 1ஆம் நம்பர் பிரஷ்ஷின் வயிற்றில் பெயின்ற் இருக்கும், நுனியில் கோடு இருக்கும். மணிக்கூடு திருத்துகிறவர் கண்ணில் செருகுகிற லென்ஸை வாங்கவேண்டாம், ஒற்றைக் கண்ணால் பார்த்தால் பிரஷ் எப்போது தகட்டைத் தொடுகிறது என்று தெரியாது. மருந்துக்கடையில் கிடைக்கிற பிளஸ் மூன்று வாசிப்புக் கண்ணாடி நல்லம்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், அதாவது ஆனி ஆடி ஆவணியில், அக்ரிலிக் தட்டில் இருந்து தகட்டுக்குப் போவதற்குள் காய்கிறது. இதற்கு ஈரத்தட்டு வேண்டும்: மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் டப்பா, அடியில் நனைத்த ஸ்பொஞ்ச், மேலே கேக் அடிக்கிறவர்கள் பாவிக்கிற பேக்கிங் பேப்பர். லன்ச் ஷீற் போட்டால் வேலை செய்யாது, தண்ணீர் அதற்குள்ளால் மேலே வராது. கலக்கிற தண்ணீரில் ஒரு சொட்டுக் கிளிசரின் விட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், இரண்டு சொட்டு விட்டால் அடுத்த நாளும் கையில் ஒட்டும்.

பின்னணி ஒலிவ் பச்சையை எனாமலில் அடித்துக் காயவிட்டுவிட்டு, மேலே வரைவதை அக்ரிலிக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிழைத்த கோட்டைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தெடுக்கலாம், நன்றாகக் காய்ந்த எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. படத்தைக் கணினியில் மில்லிமீற்றர் கணக்கில் சின்னதாக்கி, கொமினிகேஷன் கடையில் ஒரு பிரிண்ட் எடுத்து, பின்பக்கத்தைப் பென்சிலால் தேய்த்து, மூக்கில் ஒட்டி, மை முடிந்த பேனை முனையால் வெளிக்கோட்டை மட்டும் அழுத்துங்கள். உள்ளே உள்ள கோடுகள் வேண்டாம், எப்படியும் அடுத்ததாகப் பூசுகிற வெள்ளை அவற்றை மூடிவிடும்.

அந்த வெள்ளைதான் எல்லாம். பெண்ணின் முழு உருவத்தையும், உடுப்பு மயிர் சப்பாத்து எல்லாம் சேர்த்து, ஒரே வெள்ளை நிழலாக மெல்லிசாக மூன்று தடவை பூசுங்கள். தோல் நிறம் ஒலிவ் பச்சைக்கு மேலே நேரே போனால் காய்ச்சல்காரி மாதிரி இருப்பாள். கடையில் வாங்கிய வெளிப்படை டிகால் தாளில் லேசர் பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை, சாதாரண பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது, பச்சை உள்ளே தெரியும். அவர்களும் கையால் இந்த வெள்ளை நிழலைப் பூசிவிட்டு அதன் மேல் டிகாலை இறக்கினால் பாதிக் கை வேலை பாதி அச்சு என்று ஒரு நல்ல சமரசம் கிடைக்கும்.

வெள்ளை காய்ந்தபின் தோல். வெள்ளையோடு மஞ்சள் ஓக்கர், அதில் துளி சிவப்பு. இது நடு நிறம், தோல் தெரிகிற இடம் முழுக்க ஒரே சீராக. பிறகு நிழல்: அதே கலவையில் சுட்ட சியன்னா என்ற செங்கபில நிறம் கொஞ்சம், கறுப்பைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், கறுப்பு சேர்ந்தால் தோல் சாம்பலாகும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலே முடிவு செய்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் காலின் நீளத்துக்கு ஒரே இழுப்பு, கைக்குக் கீழே ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று. பிறகு வெளிச்சம்: நடு நிறத்தில் வெள்ளையும் இம்மி மஞ்சளும், தோளில், தொடையின் மேலே, கன்னத்தில். மூன்று படி. இரண்டு படிக்கும் நடுவில் தெரிகிற விளிம்பைத் தண்ணீர்ப் பிரஷ்ஷால் கரைக்கத்தான் கை துடிக்கும், விட்டுவிடுங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் விளிம்பு தானாக மறையும், கிட்டப் பிடித்தால் ஸ்டார்சரின் பிரஷ் தெரியும். 1/32 அளவில் வரைகிறவர்கள் தோலுக்கு மட்டும் எண்ணெய் வண்ண ரியூப் பாவிக்கலாம், அது கச்சானிலும் ஆறுதலாகக் காயும்.

முகத்துக்கு 1/72இல் மூன்று தொடுகை. இமைக்கோடு இரண்டு, கபில நிறத்தில், வெளிப்பக்கம் ஒரு சொட்டு மேலே தூக்கி. உதடு ஒரு சிவப்புப் புள்ளி. மூக்கு வேண்டாம். கோயில் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் வைப்பார்கள், இதில் முகத்தை உடுப்புக்கும் மயிருக்கும் முதல் முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பத்துத் தடவையில் எட்டுத் தடவை முகம் பிழைக்கும், மற்றதெல்லாம் முடிந்தபிறகு துடைக்க மனம் வராது. பிறகு மயிர் ஒரு திரள், அதில் ஒரு வெளிச்சக் கோடு. உடுப்பு. கடைசியாகச் சுற்றுக்கோடு, கறுப்பில் அல்ல, கடும் கபிலத்தில், அதுவும் நிழல் பக்கம் மட்டும்.

பெண்ணை விடக் கஷ்டம் பெயர். பெண்ணின் கால் ஒரு மயிரளவு தடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள், ஓர் எழுத்துச் சரிந்தால் எல்லாருக்கும் தெரியும், எங்கள் கண் எழுத்தைப் பார்த்துப் பழகிய கண். 3 மில்லிமீற்றர் எழுத்தை அப்படியே எழுத முயலாமல், கொஞ்சம் தடிப்பாக எழுதிவிட்டுப் பின்னணி ஒலிவ் நிறத்தால் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு வாருங்கள். நடு எழுத்தில் இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால் கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போகாது. இரண்டு மணிக்கட்டும் மேசை விளிம்பில் ஊன்றி ஒன்றையொன்று தொடட்டும், போர்ட் எழுதுகிறவரின் தடிக்கு இதுதான் பதில்.

பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் குண்டுகள் அலங்காரமில்லை, ஒன்று ஒரு பயணம். மெம்பிஸ் பெல்லுக்கு 25 குண்டு போடுகிறீர்கள் என்றால் நீங்கள் 1943 மே மாதக் கடைசியில் இருக்கிற விமானத்தைக் கட்டுகிறீர்கள், அதற்கேற்றபடி பெயின்ற் மங்கியிருக்க வேண்டும், இயந்திரத்துக்குப் பின்னால் புகைக்கறை இருக்க வேண்டும். புது விமானத்தில் 25 குண்டு, அல்லது அழுக்கு விமானத்தில் இரண்டே குண்டு, இரண்டும் பொய். சீனன்குடாவில் நின்ற ஹரிக்கேன் ஒன்றில் பெண் படம் போட ஆசையா, போடுங்கள், ஆனால் அது கற்பனை மொடல் என்று அடித்தட்டில் எழுதி வையுங்கள், அம்மம்மா சொன்ன சீலையையும் அதில் கட்டிவிடலாம்.

கடைசியில் வார்னிஷ். விமானத்துக்கு மங்கல் வார்னிஷ், படத்துக்கும் அதே மங்கல்தான், பெண்ணை மட்டும் மினுக்கி விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஸ்பிரே ரின்னாக இருந்தால் மாரிகாலத்தில் தொடவே வேண்டாம். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாவிப் பக்கத்து வீடுகளில் காற்றே ஈரம், வார்னிஷில் ஈரம் பிடித்துப் பெண்ணுக்கு மேலே வெள்ளைப் புகை மாதிரிப் படிந்துவிடும். கையால் பூசுகிற தண்ணீர் வார்னிஷை இரண்டு தடவை மெல்லிசாகப் பூசுங்கள், இல்லாவிட்டால் மாசி வெயில் வரும்வரை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் மூடி வையுங்கள், தூசியும் எறும்பும் போகாது.